உணவில் வாழும் கிருமிகளும் மருந்தெதிர்ப்பும்

கொச்சிக் காயலில் பிடித்த மீனொன்றைச் சோதனைச்சாலையில் ஆராயும்போது அதில் எஷ்செரிசியா கோலை என்னும் பாக்டீரியா காணப்படுவதுண்டு. இது மீனுக்குச் சொந்தமான கிருமியன்று. மனிதர், மாடு, பன்றி, கோழி முதலிய வெப்பக் குருதி உயிர்களின் பெருங்குடலே இதன் இயல்பான இருப்பிடம். மீனில் இது காணப்படுமாயின், மீன் வாழ்ந்த நீரையோ, மீனைக் கழுவிய நீரையோ, அதன்மேல் இட்ட பனிக்கட்டியையோ, அதைத் தொட்ட கையையோ மலக்கழிவு தீண்டியிருக்கிறது என்பது பொருள். அக்கோலை டெட்ராசைக்ளின், சிப்ரோபிளாக்சசின் போன்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாததாகவும் இருந்தால், அந்த எதிர்ப்பைப் பெரும்பாலும் மீன் தோற்றுவித்திருக்க முடியாது. எங்கோ ஒரு மனிதரின் குடலிலோ, ஒரு பண்ணை விலங்கின் குடலிலோ தோன்றி வளர்ந்த எதிர்ப்பே மீனின் வழியாக நம் சமையலறைக்கு வந்து சேர்கிறது.

இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவே. உணவுக் கிருமிகளின் மருந்தெதிர்ப்பை மீனிடத்தில் மட்டுமோ, கோழியிடத்தில் மட்டுமோ, நோயாளியிடத்தில் மட்டுமோ வைத்து அறிய இயலாது. மூன்றையும் ஒரே முறையில் அளந்து, அருகருகே வைத்து நோக்கினால்தான் அது எங்குத் தோன்றி எவ்வழியே பரவுகிறது என்பது புலப்படும். களத்தில் மாதிரி சேகரிப்போரும், வகுப்பில் இப்பொருளைக் கற்பிப்போரும் அறிய வேண்டுவன கீழே வரிசையாகக் கூறப்படுகின்றன.

ஆராய்ச்சி நடைபெறும் இடம்

வெலிங்டன் தீவு இயற்கைத் தீவன்று. கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது வாரியெடுத்த மண்ணைக் கொண்டு, பொறியியலறிஞர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் வேம்பநாட்டுக் காயலில் உருவாக்கப்பட்ட நிலம் அது. 1957-ல் கொச்சியில் தொடங்கப்பெற்ற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இத்தீவின் மத்ஸ்யபுரியில் அமைந்துள்ளது. வலை, படகு, மீன் பதப்படுத்தல் ஆகியவற்றோடு, மீனில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய ஆராய்ச்சியும் இங்கு நடைபெற்று வருகிறது. கொச்சிச் சந்தை மீன்களிலிருந்து சால்மொனெல்லா வகைகளைப் பிரித்தெடுத்து, எவ்வெம்மருந்துக்கு அவை கட்டுப்படுகின்றன என்று இந்நிறுவனத்தார் ஆராய்ந்துள்ளனர். மெதிசிலினுக்குக் கட்டுப்படாத ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி கேரள மீன்களில் இருப்பதையும் அவர்கள் அறிவித்துள்ளனர். இக்கிருமி மனிதரின் மூக்கிலும் தோலிலும் வாழ்வது. ஆதலின் மீனில் அதைக் காண்பது, மீனைக் கையாண்ட மனிதரைச் சுட்டும் அடையாளம் எனலாம்.

இவ்வகை ஆராய்ச்சிக்குக் கொச்சி மிகப் பொருத்தமான இடமாகும். பெரியாறும் மூவாற்றுப்புழையாறும் தம் கரையிலுள்ள ஊர்கள், பண்ணைகள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் கழிவைச் சுமந்து வந்து இக்காயற்பரப்பில் கலக்கின்றன. அதே காயலில் மீன்பிடிப்பும், பொக்காளி வயல்களில் இறால் வளர்ப்பும் நடக்கின்றன. தோப்பும்படியிலுள்ள மீன்பிடித் துறைமுகத்தில் கடல் மீன் கரையிறங்குகிறது. பல மருந்துகளை ஒருங்கே எதிர்க்கும் கோலை வகைகள் கொச்சிக் காயல் நீரில் உள்ளன என்பதை 2008-ல் வெளியான ஓர் ஆய்வும் எடுத்துக்காட்டியது.

எதிர்ப்பு உண்டாகும் விதம்

ஆன்டிபயாட்டிக் என வழங்கும் எதிருயிரி மருந்து, பாக்டீரியாவின் ஏதேனும் ஓர் இன்றியமையாத உறுப்பைத் தாக்கி அதைக் கொல்கிறது, அல்லது பெருகாமல் தடுக்கிறது. பென்சிலின் செல் சுவரைக் கட்டவொட்டாது; டெட்ராசைக்ளின் புரதம் உண்டாவதைத் தடுக்கும்; சிப்ரோபிளாக்சசின் டி.என்.ஏ. பிரதியெடுக்கப்படுவதைக் கெடுக்கும். இத்தாக்குதலிலிருந்து பாக்டீரியா தப்பும் வழிகள் நான்கு:

1. மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சுரத்தல். பென்சிலினையும் அதன் இனத்தையும் பல பாக்டீரியாக்கள் இவ்வாறே அழிக்கின்றன.
2. உட்புகுந்த மருந்தை வெளியே இறைத்து விடுதல். டெட்ராசைக்ளினுக்கு எதிரான வழிகளில் இது முக்கியமானது.
3. மருந்து பற்றும் இடத்தின் அமைப்பை மாற்றிக்கொள்ளுதல்.
4. மருந்து நுழையும் துளைகளைக் குறைத்தல்.

இத்திறமை எவ்வாறு வருகிறது? பாக்டீரியா பெருகும்போது மிக அரிதாக, பல கோடிப் பிரிவுகளுக்கு ஒருமுறை, மரபுப் பொருளில் ஒரு மாறுதல் நேர்கிறது. அரிது என்ற சொல்லைக் கேட்டு அமைதியடைய இடமில்லை. நல்ல வெப்பமும் உணவும் கிடைத்தால் கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. ஒரே ஒரு பாக்டீரியா 7 மணி நேரத்தில் 21 முறை இரட்டித்து 20 லட்சத்துக்கு மேலாகும். இத்துணை வேகமாகப் பெருகும் கூட்டத்தில், அரிய மாறுதலும் எங்கேனும் ஓரிடத்தில் நேர்ந்தே தீரும். மருந்து இல்லாத சூழலில் அம்மாறுதலால் பயனில்லை. மருந்து வந்தபின் ஏனையவை மடிய, மாறுதல் பெற்றது மட்டும் எஞ்சிப் பெருகும். மருந்து எதிர்ப்பைப் படைப்பதில்லை. முன்பே இருந்ததைத் தேர்ந்தெடுக்கிறது என்பதை மாணவர்க்கு வலியுறுத்திக் கூற வேண்டும்.

கைமாறும் எதிர்ப்பு

மாறுதல் நேர்ந்த பாக்டீரியாவின் சந்ததிக்கு மட்டுமே எதிர்ப்பு கிடைக்குமாயின் கவலை இவ்வளவு பெரிதாக இராது. ஜப்பானில் வயிற்றுக்கடுப்பு நோயாளிகளிடம் பல மருந்துகளை ஒருங்கே எதிர்க்கும் ஷிகெல்லா கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வெதிர்ப்பு ஷிகெல்லாவிலிருந்து கோலைக்கும், கோலையிலிருந்து ஷிகெல்லாவுக்கும் கைமாறுகிறது என்பதை 1959-ல் அந்நாட்டு விஞ்ஞானிகள் காட்டினர். பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையம் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்கு, அதுவும் வேறினத்துக்கு, தொடர்பு ஏற்பட்ட மாத்திரத்தில் செல்ல வல்லது. ஒரே வளையத்தில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு அடுத்தடுத்து அமைந்திருக்கலாம். ஆகவே ஒரு மருந்தைப் பயன்படுத்தினால், பயன்படுத்தாத பிற மருந்துகளுக்கும் எதிர்ப்பு பெருகக்கூடும்.

இதன் விளைவைக் கேரளம் 1972-ல் நேரிற் கண்டது. 1948 முதல் டைபாய்டுக் காய்ச்சலுக்கு நம்பத்தக்க மருந்தாக விளங்கியது குளோரம்பெனிக்கால். அவ்வாண்டு கோழிக்கோட்டில் அம்மருந்துக்குக் கட்டுப்படாத டைபாய்டு பரவிற்று. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சி. கே. ஜெயராம் பணிக்கரும் அவருடன் பணியாற்றிய விமலாவும் அக்கிருமியை ஆராய்ந்து, அதன் எதிர்ப்பு பிற பாக்டீரியாவுக்குக் கைமாறத் தக்கது என்பதை அதே ஆண்டில் நேச்சர் இதழில் வெளியிட்டனர். அவ்வாண்டில் மெக்சிகோவிலும் இத்தகைய டைபாய்டு பெருவாரியாகப் பரவியது குறிப்பிடத்தக்கது. குடலில் தீங்கின்றி வாழும் கோலையைப் பற்றி நாம் ஏன் அக்கறை கொள்கிறோம் என்பதற்கு இந்நிகழ்ச்சியே விடை. தீங்கற்ற கிருமி எதிர்ப்பின் சேமிப்புக் களஞ்சியமாக இருக்கிறது. டைபாய்டுக் கிருமி போன்ற கொடியவை அக்களஞ்சியத்திலிருந்து கடன் வாங்க இயலும்.

பண்ணையிலிருந்து மனிதருக்கு

ஆரியோமைசின் தயாரிக்கையில் எஞ்சும் பொருளைத் தீவனத்தில் கலந்தால் கோழிக்குஞ்சுகள் விரைந்து வளர்கின்றன என்று அமெரிக்காவில் ஜூக்ஸ், ஸ்டாக்ஸ்டாட் என்னும் விஞ்ஞானிகள் 1940-களின் இறுதியில் கண்டனர். அது முதல் நோயில்லாத விலங்குக்கும் சிறு அளவில் நாள்தோறும் மருந்து ஊட்டும் வழக்கம் உலகெங்கும் பரவிற்று. நோயைத் தீர்க்கப் போதாத சிறு அளவு நெடுநாள் செல்வதே எதிர்ப்பைத் தேர்ந்தெடுக்க மிக ஏற்ற நிலை என்பதை அப்போது பலர் உணரவில்லை. பிரிட்டனில் ஸ்வான் தலைமையிலமைந்த குழு 1969-ல், மனித சிகிச்சைக்கு உதவும் மருந்துகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலத்தல் கூடாது என்று அறிவுரை கூறிற்று.

இதற்குத் தெளிவான சான்று 1976-ல் கிடைத்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள ஒரு பண்ணையில் ஸ்டூவர்ட் லெவியும் அவருடைய குழுவினரும் கோழிகளுக்கு டெட்ராசைக்ளின் இன மருந்து கலந்த தீவனத்தை அளித்தனர். ஒரு வாரத்துக்குள் அக்கோழிகளின் குடல் பாக்டீரியாக்களில் ஏறத்தாழ முழுவதும் டெட்ராசைக்ளினை எதிர்ப்பனவாயின. ஐந்தாறு மாதங்களில் பண்ணைவாசிகளிடமும் மாறுதல் தெரிந்தது. அவர்களிடம் வாரந்தோறும் எடுத்த மல மாதிரிகளில் 31.3 சதவிகிதத்தில், பாக்டீரியாக்களுள் 80 சதவிகிதத்துக்கு மேற்பட்டவை மருந்தை எதிர்த்தன. அண்டை வீட்டாரின் மாதிரிகளில் இவ்வாறிருந்தவை 6.8 சதவிகிதமே. பண்ணைவாசிகள் அம்மருந்தை உண்ணவில்லை. கோழியோடு பழகியதே அவர்களுக்குப் போதுமானதாயிற்று.

நம் நாட்டுக்கு நேரே பொருந்தும் எடுத்துக்காட்டு கோலிஸ்டின் ஆகும். வேறெந்த மருந்துக்கும் கட்டுப்படாத கிருமி தாக்கிய நோயாளிக்குக் கடைசியாக அளிக்கப்படும் மருந்துகளுள் இது ஒன்று. இதே மருந்து கோழி, பன்றி முதலியவற்றின் தீவனத்திலும் கலக்கப்பட்டு வந்தது. பிளாஸ்மிட் வழியே கைமாறும் கோலிஸ்டின் எதிர்ப்பு மரபணு சீனாவில் பன்றிகளிடமும், இறைச்சியிலும், நோயாளிகளிடமும் காணப்பட்ட செய்தி 2015 நவம்பரில் வெளியாயிற்று. இந்திய அரசு 2019 ஜூலையில், உணவுக்கான விலங்கு, கோழி, மீன் ஆகியவற்றுக்குக் கோலிஸ்டினைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. குளோரம்பெனிக்காலும் நைட்ரோபியூரான் இன மருந்துகளும் உணவு விலங்குகளின் வளர்ப்பில் பயன்படாவண்ணம் 2025-ல் தடை விதிக்கப்பட்டது.

இவ்விஷயம் தமிழ்நாட்டுக்கு அயலானதன்று. பல்லடம் பகுதியின் கறிக்கோழியும், நாமக்கல் பகுதியின் முட்டையும் நாள்தோறும் எல்லை கடந்து கேரளம் செல்கின்றன. கேரளக் கடற்கரையின் மீன் தமிழ்நாட்டுச் சந்தைகளுக்கு வருகிறது. உணவு செல்லும் வழியெல்லாம் அதில் வாழும் கிருமியும் செல்லும்.

எச்சம் வேறு, எதிர்ப்பு வேறு

களப்பணியாளர் பலரிடம் காணப்படும் ஒரு மயக்கத்தை இங்கு நீக்குதல் வேண்டும். விலங்கின் தசையிலோ, பாலிலோ, முட்டையிலோ தங்கியிருக்கும் மருந்தே எச்சம் எனப்படும். இது இரசாயனப் பொருள். நாள் செல்லச் செல்லக் குறையும். எதிர்ப்போ உயிருள்ள பாக்டீரியாவின் குணம். தக்க சூழல் வாய்த்தால் நாள் செல்லச் செல்லப் பெருகும்.

எச்சத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் உண்டு. மருந்து நிறுத்தியபின் எத்தனை நாள் கழித்து உணவுக்குப் பயன்படுத்தலாம் என்ற இடைக்காலம் மருந்தின் மேலுறையில் அச்சிடப்பட வேண்டும். தனியாக நிர்ணயிக்கப்படாத மருந்துகளுக்கு, 2012-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி இவ்விடைக்காலம் முட்டைக்கும் பாலுக்கும் 7 நாளுக்கும், கோழி முதலியவற்றின் இறைச்சிக்கு 28 நாளுக்கும் குறையலாகாது. மீனுக்கு 500 வெப்பநாள் எனக் குறிக்கப்பட்டுள்ளது. நீரின் வெப்பநிலையை நாட்களின் எண்ணிக்கையால் பெருக்கி வருவது வெப்பநாள். நீர் 25 டிகிரி சென்டிகிரேடாக இருந்தால் 20 நாள் காத்திருக்க வேண்டும் என்பது கணக்கு. டெட்ராசைக்ளினுக்கு மீனில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். குளோரம்பெனிக்கால், நைட்ரோபியூரான்கள் முதலியன கடலுணவு பதப்படுத்தும் இடங்களில் முற்றாக விலக்கப்பட்டவை.

இவ்விதிகளை வழுவாது பின்பற்றிய பண்ணையிலிருந்து வந்த இறாலில் எச்சம் சிறிதும் இல்லை என்று சோதனை கூறலாம். அவ்விறாலிலேயே பல மருந்துகளை எதிர்க்கும் கோலை இருக்கவும் கூடும். இடைக்காலத்தில் மருந்து வெளியேறிற்று. மருந்து தேர்ந்தெடுத்த பாக்டீரியா வெளியேறவில்லை. அன்றி, பண்ணையில் மருந்தே பயன்படாதிருந்து, கழுவிய நீர் மூலமாக எதிர்ப்புள்ள கிருமி வந்து சேர்ந்திருக்கவும் கூடும். ஆகவே எச்சச் சோதனையில் தேறிய சரக்கை எதிர்ப்பற்ற சரக்கு என்று எழுதுதல் தவறு. இரண்டுக்கும் தனித்தனிச் சோதனை தேவை.

எதிர்ப்பை அளக்கும் முறை

எதிர்ப்பை அளக்கப் பரவலாகக் கையாளப்படுவது வில்லை முறை. 1966-ல் பாயர், கெர்பி முதலியோர் இதை ஒழுங்குபடுத்தி வெளியிட்டனர். மாதிரியிலிருந்து தனியே பிரித்த பாக்டீரியாவைக் குறித்த கலங்கல் அளவுக்கு, அதாவது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 15 கோடி இருக்குமாறு, உப்புநீரில் கரைத்து, முல்லர்–ஹின்டன் அகார்த் தட்டில் சீராகப் பூசுவர். மருந்து ஏற்றிய காகித வில்லைகளை அதன்மேல் வைத்து, 35 டிகிரி வெப்பத்தில் 16 முதல் 18 மணி நேரம் வைப்பர். வில்லையைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிந்த வட்டம் தோன்றும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பர். கோலைக்கு 30 மைக்ரோகிராம் டெட்ராசைக்ளின் வில்லையானால், வட்டம் 15 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் கட்டுப்படுவது. 12 முதல் 14 வரை இடைநிலை. 11-ம் அதற்குக் கீழும் எதிர்ப்புள்ளது என்று கொள்வர்.

முறை எளிதாகத் தோன்றினும், சிறு பிழையும் முடிவை மாற்றிவிடும். அகார் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால் மருந்து ஆழத்தில் பரவி வட்டம் சுருங்கும். இல்லாத எதிர்ப்பு இருப்பதாகத் தோன்றும். வில்லைகள் ஈரமடைந்து வீரியமிழந்தாலும் அவ்வாறே நேரும். இதைக் கண்டறிய, குணம் தெரிந்த ஒப்பீட்டுக் கோலை ஒன்றை ஒவ்வொரு முறையும் உடன் சோதித்தல் வேண்டும். ஏ.டி.சி.சி. 25922 எனப்படும் ஒப்பீட்டுக் கோலை டெட்ராசைக்ளின் வில்லையைச் சுற்றி 18 முதல் 25 மில்லிமீட்டர் வட்டத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிடில் அன்றைய முடிவு முழுவதும் தள்ளத்தக்கது.

எந்தப் பாக்டீரியாவைச் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம். உவர்நீரில் இயல்பாக வாழும் விப்ரியோ, ஏரோமோனாஸ் போன்றவை மனிதர் மருந்து கண்டுபிடிக்கும் முன்னரே ஆம்பிசிலின் போன்ற சிலவற்றைத் தாங்கும் இயல்புடையன. அவ்வியல்பான எதிர்ப்பைக் கண்டு பண்ணையாளரைக் குறை கூறுதல் நியாயமன்று. மனிதர், விலங்கு, மீன், நீர் ஆகிய நான்கிலும் காணப்படுவதும், எளிதில் வளர்க்கத் தக்கதுமான கோலையே ஒப்பிட்டு நோக்க மிக உகந்தது. வெப்ப நாட்டு நீரில் அது சில காலம் பிழைத்திருக்கக் கூடும் என்பதை நினைவில் கொண்டு, ஒரு மாதிரியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் பல மாதங்களின் மாதிரிகளைக் கொண்டு முடிவு காண வேண்டும்.

இக்கருத்தின் அடிப்படையிலேயே உலகச் சுகாதார ஸ்தாபனம் 2021-ல் ஒரு மும்முனைத் திட்டத்தை வெளியிட்டது. செபோடாக்சிம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் கோலையை மட்டும் அடையாளமாகக் கொண்டு, மனிதரிடத்தும், சந்தைக் கோழியிடத்தும், கழிவு நீரிலும் ஒரே முறையில் அளக்க அது வழி கூறுகிறது. டென்மார்க் 1995 முதலே மனிதர், விலங்கு, உணவு மூன்றையும் இணைத்து அளந்து வருகிறது. அவ்வாண்டிலேயே அந்நாடு அவோபார்சின் என்னும் தீவன மருந்தைத் தடை செய்தது. பின்வந்த ஆண்டுகளில் கோழிகளிடத்து அதனோடு தொடர்புடைய எதிர்ப்பு பெரிதும் குறைந்ததை அவ்வளவீடே காட்டிற்று. நம் நாட்டில் மனிதரிடமிருந்து கிடைக்கும் கிருமிகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு வலையம் 2013 முதல் ஆராய்கிறது. மீனுக்கும் கால்நடைக்குமென இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், உலக உணவு வேளாண்மை ஸ்தாபனத்தின் துணையுடன் தனியொரு வலையத்தை நிறுவியுள்ளது. வெலிங்டன் தீவு நிறுவனம் அதன் அங்கங்களுள் ஒன்று. கேரள அரசும் 2018-ல் தனக்கெனச் செயல்திட்டமொன்றை வகுத்து வெளியிட்டது.

களப்பணியாளர் கவனிக்க வேண்டுவன

சோதனைச்சாலையின் முடிவு, களத்திலிருந்து வரும் மாதிரியை விட உயர்ந்ததாக இருக்க முடியாது. ஆதலின் பின்வருவனவற்றைப் பின்பற்றுதல் வேண்டும்.

1. மீன், கோழி, நீர் ஒவ்வொன்றையும் தனித்தனியே கிருமி நீக்கிய பையிலோ புட்டியிலோ எடுக்க. ஒரு மாதிரியைத் தொட்ட கையுறையால் அடுத்ததைத் தொடலாகாது.
2. மாதிரியைப் பனிக்கட்டி இட்ட பெட்டியில் வைக்க, உறையச் செய்யற்க. உறைந்தால் கோலையின் எண்ணிக்கை குறையும். பனிக்கட்டி உருகிய நீர் பைக்குள் புகாதபடி காக்க. 24 மணி நேரத்துக்குள் சோதனைச்சாலை சேர்க்க.
3. துறைமுகத்திலும் சந்தையிலும் மீன் மட்டுமன்றி, கழுவும் நீர், பனிக்கட்டி, கூடை ஆகியவற்றிலிருந்தும் மாதிரி எடுக்க. படகிலுள்ள மீனில் இல்லாத கோலை ஏலக்கூடத்து மீனில் இருந்தால், தவறு நேர்ந்த இடம் அதனாலேயே புலப்படும்.
4. சீட்டில் இனம், இடம், நாள், நேரம், பனிக்கட்டியும் நீரும் வந்த இடம் ஆகியவற்றை எழுதுக. பண்ணை மாதிரியானால், கடந்த பருவத்தில் எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள், யார் சொல்லி இடப்பட்டது என்பதையும் கேட்டு எழுதுக.
5. பண்ணையாளரிடம் கேட்கும்போது குற்றவாளியை வினவும் தொனி கூடாது. அஞ்சியவர் உண்மை கூறார். உண்மை கிட்டாத சீட்டால் பயனில்லை.

அறிவுரை கூறுகையில், மருந்தை விலக்குக என்பதோடு நின்றுவிடல் ஆகாது. மருந்தின் தேவை குறைவதற்கான வழியையும் கூற வேண்டும். கோழிப்பண்ணையில் நெரிசலைக் குறைத்தல், காலத்தில் தடுப்பூசி இடுதல், ஒரு தொகுதி விற்றபின் கொட்டகையைக் கழுவி உலரவிட்டு அடுத்த தொகுதியை ஏற்றுதல், இறால் குட்டையில் நோயற்ற குஞ்சுகளை அளவோடு விடுதல், நீரின் தரம் காத்தல் ஆகியன அவ்வழிகள். வெண்புள்ளி நோய் போன்றவை வைரசால் வருபவை. அவற்றுக்கு எதிருயிரி மருந்து ஒரு பயனும் தராது. பாக்டீரியா நோயே நேரினும், கால்நடை மருத்துவரின் சீட்டின்படி உரிய அளவில் உரிய நாள்வரை மட்டும் மருந்து அளித்தல் வேண்டும்.

இல்லத்தார்க்குக் கூற வேண்டியதும் உண்டு. உணவின் உட்பகுதி 70 டிகிரிக்கு மேல் வேகுமாறு சமைத்தால் எதிர்ப்புள்ள கிருமியும் ஏனைய கிருமியைப் போலவே மடியும். மருந்தை எதிர்ப்பது வெப்பத்தை எதிர்ப்பதாகாது. ஆயினும் பச்சை மீனையும் கோழியையும் அரிந்த பலகையில் வெள்ளரியும் வெங்காயமும் நறுக்கினால், சமைக்காத உணவின் வழியே கிருமி உட்செல்லும். பலகையையும் கத்தியையும் கையையும் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே பிறவற்றைத் தொட வேண்டும்.

வகுப்பிற்கு ஏற்ற செய்முறை

பள்ளிகளில் எதிர்ப்புள்ள பாக்டீரியாவை வளர்த்துக் காட்டுதல் கூடாது. பயறு கொண்டே கருத்தை விளக்கலாம். ஒரு தட்டில் 98 பச்சைப்பயறும் 2 கறுப்பு உளுந்தும் வைக்க. பச்சைப்பயறு மருந்துக்குக் கட்டுப்படும் பாக்டீரியா, உளுந்து எதிர்ப்புள்ளது. ஒருமுறை மருந்து அளித்தால் பச்சைப்பயறில் பத்தில் ஒன்பது பங்கு மடியும் என்று கொள்க.

முதல் முறையில் 88 பச்சைப்பயறுகளை நீக்க, 10 பச்சையும் 2 கறுப்பும் எஞ்சும். எஞ்சியவை அதே விகிதத்தில் பெருகி மீண்டும் 100 ஆனால், பச்சை 83, கறுப்பு 17 ஆகும். இரண்டாம் முறையில் பச்சை 8 எஞ்சும். பெருகிய பின் பச்சை 32, கறுப்பு 68. மூன்றாம் முறையில் பச்சை 3 எஞ்சும்; பெருகிய பின் பச்சை 4, கறுப்பு 96. இரண்டாக இருந்த உளுந்து மூன்றே முறையில் தட்டை நிறைத்துவிட்டதை மாணவர் தம் கையாலேயே எண்ணிக் காண்பர். ஒரு உளுந்தையும் நாம் புதிதாகப் படைக்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டுக. பின்னர், தட்டிலிருந்து சில உளுந்துகளை எடுத்து, பச்சைப்பயறு மட்டுமே உள்ள வேறொரு தட்டில் இட்டு, அத்தட்டுக்கும் மருந்து அளித்துக் காட்டுக. முதல் தட்டைப் பண்ணையாகவும் இரண்டாவதை வீடாகவும் கொண்டால், லெவியின் ஆராய்ச்சி கண்முன் நிற்கும்.

பயிற்சி வினாக்கள்

1. மீனில் எஷ்செரிசியா கோலை காணப்படுவது எதைக் குறிக்கும்? விப்ரியோ காணப்படுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. எச்சச் சோதனையில் தேறிய இறாலில் மருந்தெதிர்ப்புக் கிருமி இருக்க இயலுமா? இரு காரணங்கள் கூறுக.
3. குட்டை நீர் 28 டிகிரியாக இருந்தால் 500 வெப்பநாளுக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?
4. ஒரு சோதனைச்சாலையில் ஒப்பீட்டுக் கோலை டெட்ராசைக்ளின் வில்லையைச் சுற்றி 14 மில்லிமீட்டர் வட்டமே காட்டிற்று. அன்றைய முடிவுகளை என் செய்ய வேண்டும்? பிழைக்குரிய காரணங்கள் யாவையாக இருக்கலாம்?
5. உங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு மீன் கரையிறங்கியது முதல் சமையலறை சேரும்வரை எத்தனை இடங்களில் நீரும் பனிக்கட்டியும் கையும் அதைத் தீண்டுகின்றன? பட்டியலிட்டு, மாதிரி எடுக்க வேண்டிய இடங்களைக் குறிக்க.